புடலங்காய்ப் பச்சை, பாகற்காய்ப் பச்சை

கரடிமேட்டு அன்னக்கொடியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. எந்நேரமும் யாரையோ சுட்டிக் குற்றம் சொல்வதுபோல நீட்டிக்கொண்டே இருக்கும். வத்தலக்குண்டுச் சந்தையில் அவள் அந்தக் கையை நீட்டி, "அந்தப் பூண்டுல ரெண்டு கிலோ போடுங்க" என்றால் கடைக்காரர் ஒரு கணம் தன் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்வார். எடையும் அன்றைக்குச் சரியாக இருக்கும்.

அந்த விரல்கள் அப்படி ஆனதற்குக் காரணம் ஒரு பாம்பு என்று ஊர் சொல்லும். பாம்பை எனக்குத் தெரியும். அதன்மேல் பெரிய தப்பில்லை. தப்பு ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல் நம் எல்லார் வாயிலும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்னக்கொடி பிறந்தது அய்யம்பாளையத்தில், மருதாநதி அணைக்குக் கீழே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். அந்தப் பக்கம் பச்சைப்பாம்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். விரல் தடிமன், ஆள் நீளம், ஊசி மூக்கு. வேலிக்கொடியோடு கொடியாகத் தொங்கும். காற்றில் கொடி ஆடும் ஆட்டத்தையே தானும் ஆடும். கண்ணைக் கொத்திவிடும் என்று ஆண்பிள்ளைகள் அதைக் கண்டால் நாலடி தள்ளிப் போவார்கள். பெண்களுக்கு அதனிடம் வேறு சோலி இருந்தது. உயிருள்ள பச்சைப்பாம்பைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக மூன்று தரம் உருவிவிட்டால், உருவிய கைக்குச் சமையல் வாய்க்கும். அதைக் கைமணம் என்பார்கள்.

பதினோரு வயதில் அன்னக்கொடியை அவள் அம்மா கருப்பம்மாள் தோப்பு வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தாய்மாமன் ஆண்டிச்சாமி ஈர்க்குச்சியை இரண்டாக மடக்கிப் பாம்பின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருந்தார்.

"ஏலே ஆண்டி, நல்லா அமுக்கிப் புடி. பிள்ள கண்ணு பத்திரம்."

"அதெல்லாம் புடிச்சாச்சு. நீ வெரசா உருவச் சொல்லுக்கா, எனக்குக் கை நடுங்குது."

"மூக்கு எம்புட்டு நீளம் மாமா!" என்றாள் அன்னக்கொடி.

"ஒங்கப்பன் மூக்க விடக் கம்மிதான். உருவு."

உருவினாள். தோட்டத்திலிருந்து அப்போதுதான் பறித்த புடலங்காயை உருவியதுபோல் இருந்ததாம், வழுவழுப்பு, குளிர்ச்சி. மூன்றாவது தரம் உருவி முடிக்கையில் பாம்பு சோம்பலாக வாயைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். அன்று மத்தியானம் அவள் வைத்த பருப்புக்குழம்பின் வாசத்துக்கு, வாய்க்கால் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வந்து நின்றார். கேட்டால் மோர் வாங்க வந்தேன் என்றார்.

இருபது வயதில் அவளை மலைமேல் கட்டிக்கொடுத்தார்கள். கரடிமேடு என்பது தாண்டிக்குடிச் சாலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பஸ் வந்து திரும்புகிற இடம். கணவன் ஞானவேல் தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிற ஜீப் ஓட்டுகிறான். பஸ் திரும்பும் இடத்திலேயே அன்னக்கொடி ஓட்டல் போட்டாள். நான்கு பெஞ்சு, இரண்டு அடுப்பு. அவள் ரசத்தைத் தாளிக்கும் நேரம் பார்த்து மலைப் பஸ் ஒரு பத்து நிமிடம் கிளம்பாமல் நிற்கும். ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்பார் நடத்துநர் சிவமுருகன், வாயில் சோற்றோடு.

இனி அந்த மலையில் இருக்கிற மற்றொரு பச்சையைச் சொல்ல வேண்டும்.

அது கொடிபோல நீளாது. முழத்துக்குச் சற்றே கூடுதல், கட்டையான உடம்பு. ஒடுங்கின கழுத்தின்மேல் வெற்றிலையை வைத்ததுபோல அகலத் தலை. வாலை ஒரு கிளையில் சுற்றிக்கொண்டு காப்பி இலைகளுக்குள் படுத்தால், பத்து நாளானாலும் இடம் மாறாது. ஆடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்னதாக ஒரு குழி. பக்கத்தில் வரும் எலியின் உடம்புச் சூடு அந்தக் குழிக்குத் தெரியும். மனிதர் கையின் சூடும் தெரியும். படித்தவர்கள் அதைக் குழிவிரியன் என்பார்கள். கரடிமேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு.

பச்சைப்பாம்பு.

இருபத்துமூன்று வருடம் அன்னக்கொடி அந்தப் பாம்பைப் பார்த்ததில்லை. அடுப்படியில் நிற்பவளுக்குத் தோட்டத்துக்குள் என்ன வேலை?

பெரிய காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றியபோது கரடிமேட்டுக்கும் வந்தது. அன்னக்கொடி பன்னிரண்டு நாள் படுத்து எழுந்தாள். எழுந்த அன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் பால் அடிப்பிடித்துக் கருகியது தெரிந்தது. கருகல் வாசம் அவளுக்கு வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தாள். சுண்ணாம்பு டப்பா மாதிரி இருந்தது.

எல்லாருக்கும் திரும்பி வந்ததே, நமக்கும் வரும் என்று இருந்தாள். ஒரு மாதம், ஆறு மாதம், மூன்று வருடம். நாக்குக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரிந்தன. வாசம் மட்டும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடுகு வெடிப்பதைக் காதால் கேட்டாள், வெங்காயம் சிவப்பதைக் கண்ணால் பார்த்தாள். மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. ஞானவேல் கண்டுபிடிக்க மாட்டான். அவனுக்கு நாக்கு என்பது பேசுவதற்கு மட்டும். வைக்கோலைத் தாளித்து வைத்தாலும் "நல்லாருக்கு" என்று எழுந்து போவான்.

போன மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, பஸ் கூட்டம் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தபோது, சிவமுருகன் ஒரு வாய் இட்லியைத் தட்டிலேயே துப்பினார்.

"என்னக்கா இது? ஊசிப்போன சட்னியப் போட்டுருக்கீங்க?"

அன்னக்கொடி சட்னியை எடுத்து முகர்ந்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள்?

"நேத்துச் சட்டி மாறிப்போச்சு, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கோவில் கமிட்டித் தலைவர் சேனாதிபதி வந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குக் கரடிமேட்டில் ஒருநாள் அன்னதானம் உண்டு. பதினெட்டு வருடமாக அதற்கு அன்னக்கொடிதான் அண்டா ஏற்றுகிறாள். அவர் டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"இந்த வருசம் ஒனக்கு உடம்புக்கு எப்படித் தாயி? கீழேருந்து ஆளு பாக்கலாமான்னு கமிட்டியில ஒரு பேச்சு."

"யாருண்ணே பேசுனது?"

"யாருன்னு என்னத்தச் சொல்ல. பொதுவா ஒரு பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே ஒரு வார்த்த சொல்லிரு."

"இப்பவே சொல்றேன். நாந்தான் ஆக்குவேன்."

"வெள்ளிக்கிழம சொல்லு" என்றார் அவர், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு.

மூக்கு போனதை அவள் மூக்கின் குறையாக நினைக்கவில்லை. கைமணம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பதினோரு வயதில் ஏற்றியது, முப்பது வருடத்துக்கு மேல் செலவழித்தாகிவிட்டது. போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிற காலத்தில் இதற்கும் ஒருமுறை செய்ய வேண்டாமா? பச்சைப்பாம்பு கிடைத்தால் போதும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

ராஜகுமாரி தினமும் தோட்டம் விட்டு வந்து டீ குடிப்பவள். காப்பிப் பழம் பறிக்கிறவர்களில் அவள்தான் முன் ஆள். அவள் அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவள் இங்கேயே பிறந்தும் காப்பியைக் கோப்பி என்றும் வீட்டை லயம் என்றும்தான் சொல்வாள்.

"ஏ புள்ள, ஒங்க தோட்டத்துல பச்சைப்பாம்பு உண்டா?" என்று கேட்டாள் அன்னக்கொடி, பாத்திரம் கழுவுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இல்லாம? இந்த வருசம் ரொம்ப. பலாமரத்துக்குக் கீழ ஆறாவது வரிசையில ஒண்ணு, பத்து நாளா அதே கோப்பிச் செடியிலயே கெடக்கு. அசையாது."

"அதே செடியிலயா?"

"அதே செடி, அதே கொப்பு. நாங்க அதைச் சுத்தித்தான் போறோம். என்னத்துக்குக்கா கேக்குறீங்க?"

"சும்மா. பயந்தான்."

"பயம் நல்லதுதான்" என்றாள் ராஜகுமாரி, டம்ளரைக் கவிழ்த்துவிட்டு.

இரண்டு பெண்களும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஒருத்தி மனத்தில் கொடி ஆடியது. மற்றவள் மனத்தில் வெற்றிலைத் தலை படுத்திருந்தது. இருவரில் ஒருத்தியாவது "எது?" என்று கேட்டிருக்கலாம். இருப்பது ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பத்து நாளாக ஒரே இடத்தில் இருக்கிறது என்பது அன்னக்கொடியின் மனத்துக்குள் வேலை செய்தது. அய்யம்பாளையத்தில் எந்தப் பச்சைப்பாம்பும் அப்படி இருந்ததில்லை. 'எனக்காகத்தான் காத்துக் கெடக்கு' என்று நினைத்தாள். அதில் பாதி சரி. அது காத்துத்தான் கிடந்தது.

வியாழக்கிழமை காலை இட்லிக் கூட்டம் கலைந்தபின் கடையைச் சாத்தினாள். ஞானவேல் ஜீப்பில் மேல்தோட்டத்துக்குப் போயிருந்தான். பறிக்கிற பெண்களும் அங்கேதான். வீட்டில் அவனுடைய பைக் ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. கண்ணைக் கொத்துமே! இந்தத் தடவை கழுத்தைப் பிடிக்க ஆண்டிச்சாமி மாமா இல்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வார்ப்பட்டையை இறுக்கினாள், கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டாள். சேலையும் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் காப்பித் தோட்டத்துக்குள் தனியாக நடந்துபோவதை அன்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஒருவர் சிரித்திருந்தாலே போதும், அவள் வெட்கப்பட்டுத் திரும்பியிருப்பாள். ஒருவரும் இல்லை.

பனிமூட்டம் கீழே இறங்கி மரங்களின் இடுப்பைச் சுற்றியிருந்தது. எப்போதும் கத்துகிற குக்குறுவான் குருவிகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பலாமரத்தடியிலிருந்து எண்ணிக்கொண்டு போனாள். ஆறாவது வரிசை. பழம் பறித்து முடிந்த வரிசை அது; செடிகளெல்லாம் வெறும் இலையாக நின்றன. நடுவில் ஒரே ஒரு செடியில் மட்டும் பழம் அப்படியே இருந்தது. கொத்துக் கொத்தாக, ரத்தச் சிவப்பில், சில கொத்துகள் கறுத்து வாடி. ஒரு கொப்பில் பழைய சேலைத்துணி கிழித்துக் கட்டியிருந்தது.

பறிக்கிற பெண்கள் ஒரு செடியை விட்டுவைத்தால் அதற்கு என்ன பொருள் என்று தோட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அன்னக்கொடிக்குத் தெரியாது. துணி கட்டின செடி அவளுக்கு வேண்டுதல் மரம்போலத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு புகைந்து கண்ணாடியை மூடியது. துடைக்க வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்க வேண்டும். தூக்கினால் கண்ணைக் கொத்தும். ஆகவே தூக்கவில்லை. பனியும் மூச்சுமாக எல்லாமே ஒரே மங்கல். அந்த மங்கலுக்குள் இலைப் பச்சையைவிடக் கொஞ்சம் தெளிவான ஒரு பச்சை, ஒரு கொப்பின்மேல் மடிந்து கிடந்தது. தலையின் வடிவம் தெரியவில்லை. நீளம் தெரியவில்லை. பச்சை தெரிந்தது.

வலது கையை நீட்டினாள். பச்சை அசையவில்லை. 'கும்புட்ட சாமி, என் கைய எனக்குக் குடு' என்று சொல்லிக்கொண்டே விரல்களை அதன் உடம்பின்மேல் வைத்தாள்.

ரவையையும் அரிசிக் குருணையையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிக்கிற கை அது. கண்ணுக்குத் தெரியாதது அந்தக் கைக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. புடலங்காய் வழுவழுப்பு இல்லை. சொரசொரப்பு. வரிவரியாக, மேடுமேடாக, பெரிய பெரிய செதில். பாகற்காய்.

எதையோ தப்பாகத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று கை சொல்லிவிட்டது. எடுத்தால் அசையும், எடுக்காவிட்டால்? அன்னக்கொடி அப்படியே நின்றாள். அந்த உடம்பு அவள் விரலுக்குக் கீழே மெதுவாக இறுகுவதை உணர்ந்தாள். கண்ணாடிமேல் அவள் மூச்சு ஒருமுறை படர்ந்து, விலகி, மறுபடி படர்ந்தது.

கொதிக்கிற எண்ணெய் தெறித்ததுபோல் இருந்ததாம். உண்மையாகவே எண்ணெய் என்று நினைத்து, பழக்கத்தில் விரலை வாயருகே கொண்டுபோனாள், ஹெல்மெட்டில் இடித்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது விரலில் இரண்டு சிவப்புப் புள்ளி. பாம்பு தலையை மடித்துக்கொண்டு அதே கொப்பில், அதே இடத்தில் படுத்திருந்தது. ஓடிக்கூடப் போகவில்லை.

பாம்பை உருவப் போனேன் என்று ஞானவேலிடம் எப்படிச் சொல்வது? போனில் கூப்பிட்டு, "வேலியோரம் பச்சைப்பாம்பு தீண்டிருச்சு" என்றாள். அவன் ஜீப்பில் பறந்து வந்து பக்கத்துச் சிற்றூரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த நர்ஸ் மலைக்குக் கீழிருந்து வேலைக்கு வந்த பெண்.

"என்ன பாம்பும்மா?"

"பச்சைப்பாம்புங்க."

"பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். பச்சைதான்."

"அப்பப் பயப்படாதீங்க. பச்சைப்பாம்புல நமக்கு விஷம் இல்ல. கண்ணக் கொத்தும்பாங்க, அதுவும் சும்மா." சோப்புப் போட்டுக் கழுவி, ஓர் ஊசி போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அய்யம்பாளையத்துப் பாம்புக்கு.

வீட்டுக்கு வந்து இரண்டு மணிநேரத்தில் கை வீங்கி வளையலை வெட்ட வேண்டியதாயிற்று. மூன்று மணிக்கு வீக்கம் முழங்கையில். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. "மாத்திர வேல செய்யுது போல" என்றான் ஞானவேல். நான்கு மணிக்கு டீக்கு வந்த ராஜகுமாரி கடை சாத்தியிருக்கக் கண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"பச்சைப்பாம்பு."

"எந்தப் பச்சைப்பாம்பு? பலாமரத்துக்குக் கீழ நான் சொன்னதா?"

"அதான்."

"அடிப்பாவி! அது பச்சைப்பாம்பு அக்கா!"

"நானும் அதத்தானே சொல்றேன்."

"அய்யோ, அது பச்சைப்பாம்பு! கடிச்சா நீர் கோத்து கை அழுகிப்போகும். எங்க லயத்துல ஒருத்திக்கு விரலையே எடுத்தாங்க!"

"பச்சைப்பாம்புக்கு விசம் இல்லன்னு நர்ஸம்மா சொல்லுச்சே?" என்றான் ஞானவேல்.

ராஜகுமாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டவில்லை. அவள் தோட்டத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் போனில் ஒரு படம் இருந்தது. பாம்பு காலையில் இருந்த அதே கொப்பில்தான் கிடந்ததாம்.

ராஜகுமாரியும் ஏறிக்கொள்ள, ஜீப் மலையிறங்கியது. வளைவுக்கு வளைவு அன்னக்கொடி மடியில் கையைத் தாங்கிக்கொண்டாள். பாதி வழியில் அவள் துப்பிய எச்சில் சிவப்பாக இருந்தது. ஞானவேல் அதைக் கண்ணாடியில் பார்த்தான். கியரை மாற்ற மறந்து வண்டி ஒருமுறை திணறியது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வேதா வயதில் சின்னவர். என்ன பாம்பு என்று கேட்டார். ஞானவேல் வாயைத் திறக்குமுன் ராஜகுமாரி போனை நீட்டினாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கித் தலையைப் பார்த்தார், செதிலைப் பார்த்தார்.

"இது மலையில இருக்கற குழிவிரியன். நம்மகிட்ட இருக்கற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை, இந்த நாலுக்குத்தான். இதுக்குக் கேக்காது. போட்டாலும் மருந்தே ஒத்துக்காம உயிருக்கு ஆபத்தாகலாம்."

"அப்ப என்னங்க செய்றது?" என்றான் ஞானவேல்.

"பாத்துக்கிட்டே இருக்கணும். ரத்தம் உறையற வரைக்கும்."

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசையாமல் நிறுத்தினார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார்கள். தண்ணீராக ஓடியது. ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை அப்படி. ஒவ்வொரு முறையும் குழாயைச் சாய்க்கையில் அன்னக்கொடி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தயிர் தோய்ந்ததா என்று எத்தனை ஆயிரம் முறை சட்டியைச் சாய்த்துப் பார்த்திருப்பாள்? ஓடியது. மறுநாள் காலையும் ஓடியது. வீக்கம் தோளுக்கு வந்து, கை கத்தரிக்காய் நிறமானது. விரல்களில் நீர்க்கொப்புளம்.

வெள்ளிக்கிழமை அது. சேனாதிபதியிடம் சொல்ல வேண்டிய நாள்.

"என்னத்துக்குக்கா அதப் போய்த் தொட்டீங்க?" என்று ராஜகுமாரி அப்போதுதான் கேட்டாள். ஞானவேல் டீ வாங்கப் போயிருந்தான்.

"எனக்கு வாசம் தெரியல ராசகுமாரி. காய்ச்சல் வந்ததுலேருந்து. மூணு வருசமா ஒண்ணுமே தெரியல."

ராஜகுமாரி ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு வருசமாவா எங்களுக்கெல்லாம் கண்ணக் கட்டிக்கிட்டுச் சோறு போட்டீங்க?"

"ஆமா."

"நானும் தின்னேனே!" என்றாள். பிறகு, "மூக்குதானே? எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. சளி புடிச்ச நாள் தவிர வேல செய்யும்."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது ஈறிலிருந்து ரத்தம் கசிந்து உதட்டுக்கு வந்தது. இருவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் குழாயைச் சாய்த்தபோது ஓடவில்லை. டாக்டர் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அப்படியே நின்றது.

"தோஞ்சிருச்சு" என்றாள் அன்னக்கொடி.

உயிர் தங்கிவிட்டது, இரண்டு விரல்களின் மடக்கம் போய்விட்டது. தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால் கையில் கட்டோடு மலையேறினாள். சேனாதிபதி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"கரண்டி புடிக்க முடியாதே தாயி. வத்தலக்குண்டு ஆளுக்குச் சொல்லிரட்டுமா?"

"புடிக்க முடியாதுண்ணே. மோப்பமும் புடிக்க முடியாது, அதையும் இப்பவே சொல்லிர்றேன். கரண்டிக்கு எடது கை இருக்கு. மோப்பத்துக்கு ராசகுமாரி இருக்கா. இதுக்கு மேல கமிட்டி இஷ்டம்."

சேனாதிபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வத்தலக்குண்டு ஆளும் வரவில்லை. அன்னதானத்தன்று அண்டாவுக்கு ஒரு பக்கம் அன்னக்கொடி இடது கையில் கரண்டியோடு, மறு பக்கம் ராஜகுமாரி மூக்கை நீட்டிக்கொண்டு.

"என்ன வாசம் வருது?"

"பச்ச வாசம்."

"எது பச்ச? புளி பச்சையா, மல்லி பச்சையா? பச்ச பச்சன்னு பொதுவாச் சொல்லாத, எனக்கு ஈரக்கொல நடுங்குது!"

"புளி, புளி! புளி பச்சையா வருது."

"அப்ப இன்னும் கொதிக்கட்டும்."

நானூறு பேர் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சேனாதிபதி இரண்டு தரம் வாங்கினார்.

அதன்பிறகு கரடிமேட்டில் பச்சைப்பாம்பு என்று ஒரு பாம்பு இல்லை. அந்தச் சொல்லை யாராவது சொன்னால் அன்னக்கொடி அடுப்பை விட்டு வெளியே வந்து, "புடலங்காய்ப் பச்சையா, பாவக்காய்ப் பச்சையா?" என்று கேட்பாள். பதில் வரும்வரை டீ வராது. முதலில் கேலி செய்தார்கள். இப்போது தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரி நர்ஸும் பாம்பு என்று யார் வந்தாலும் முதலில், "என்ன காய்?" என்றுதான் கேட்கிறாளாம். கடிபட்டு வந்த ஒருவர் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயந்து கீழே ஓடினார் என்று ஒரு பேச்சு. நான் பார்க்கவில்லை.

ஆறாவது வரிசையில் இந்த வருடமும் ஒரு செடி பறிக்காமல் நிற்கிறது. துணி கட்டியிருக்கிறது. போன வருடத்துப் பாம்புதானா என்று யாருக்கும் தெரியாது. நெருங்கிப் போய்ப் பார்க்க யாரும் தயாரில்லை.

போன வாரம் கன்னிவாடியிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், கண்மணி என்று பெயர். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட உலரவில்லை. ஓட்டலுக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். ஆள் இல்லை என்றதும் அன்னக்கொடியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்க அத்தைக்கு என் சமையல் புடிக்கவே இல்லக்கா. இங்க தோட்டத்துல பச்சைப்பாம்பு எங்கன கெடக்கும்?"

அன்னக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மடங்காத அந்த இரண்டு விரல்களையும் அவள் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"தொட்டுப் பாரு புள்ள" என்றாள். "தொட்டுப் பாத்துட்டு, எதுன்னு கேளு."